எதை மாற்றுவது?

மணப்பெண்ணின் முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தேன். டப்பென்று கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. காலையிலிருந்து இதே கூத்துதான். "போச்சுடா!" என்று நான் போட்ட சத்தத்தில், சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் மோகனராஜ் கரண்டியோடு ஓடி வந்தார்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் சிப் கம்பெனியில் வருஷக்கணக்காக ஷிப்டு பார்த்து அலுத்துப்போய், கல்யாண ஆல்பம் செய்து பிழைத்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாக வேலையை விட்டவள் நான். பழைய சூப்பர்வைசர் மீனாட்சியக்கா அன்று காலையில்தான் போன் பண்ணியிருந்தார். "ஒன் எடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கல துளசி. நாளைக்குள்ள சொல்லிரு லா." நல்ல மனசோடுதான் சொன்னார். "நாளைக்குச் சொல்றேன்க்கா" என்று வைத்துவிட்டேன்.

"பிராசஸர் பழசு. ரேம் பத்தாது. முக்கியமா நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போடணும்" என்றார் இவர். அந்த 'முக்கியமா' அவர் விளையாடும் கார் ரேஸுக்கு என்பது எனக்குத் தெரியாதா? மூன்றையும் மாற்ற வசதியில்லை. ஒன்றைத்தான் மாற்றலாம். தப்பான ஒன்றை மாற்றிவிட்டால் மறுபடி கம்பெனி பஸ்தான். நினைத்தாலே அழுகை வந்தது.

கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு கொம்தார் கட்டடத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணும் ஐமான் கடைக்குப் போனோம். ஐமான் திருப்புளியைக்கூட எடுக்கவில்லை. முன்பக்கத்தை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"அக்கா, காத்து போற ஓட்டையில என்னா இது? சிமெண்டா?"

சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த பொட்டு. சாமிக்கு வைத்ததைத் துடைக்க மனசு வராமல், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டாக அப்பியிருக்கிறேன். போதாததற்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி வேறு. மூடியைக் கழற்றியபோது காற்றாடி முழுக்கச் சாம்பலும் பிசுக்கும்.

"காத்தே போகல. சூடு தாங்காம தானா நின்னுருது. கும்புட்டுக் கும்புட்டே கொன்னுருப்பீங்க போல" என்று ஐமான் சிரித்தார். என் வீட்டுக்காரர் பக்கத்துக் கடையை வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு மானம் போனது. ஆனாலும் உயிர் திரும்பி வந்தது.

ஐமான் சுத்தம் பண்ணி, அதே ஆல்பத்தைத் திறந்து ஓடவிட்டார். நான் முருகனைக் கூப்பிட்டபடியே நின்றேன். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டியும் நிற்கவில்லை.

"ரேம் மட்டும் கூட்டிக்கங்க. பெரிய பெரிய படமா வச்சிருக்கீங்க. மத்ததெல்லாம் இப்போ வேணாம்."

"அந்த கிராபிக்ஸ் கார்டு..." என்று இவர் இழுத்தார்.

"வாய மூடுங்க" என்றேன். அப்பாடா என்று அங்கேயே உட்காரத் தோன்றியது.

ரேமைப் போட்டு வாங்கிக்கொண்டு, கடைப் படிக்கட்டிலேயே நின்று மீனாட்சியக்காவைப் போனில் கூப்பிட்டேன். "நான் வரலக்கா. வேற ஆள் பாத்துக்கங்க." "சரிடி, நல்லா செய்" என்றார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். இத்தனை நாள் இரைந்த பெட்டியில் துளிச் சத்தம் இல்லை. பயந்துபோய்ப் பின்னால் குனிந்து கையை வைத்தேன்.

"என்னா பண்றே?"

"மூச்சு வருதான்னு பாக்குறேன்."

அவரும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கையோடு சேர்த்துத் தன் கையை வைத்தார். இளஞ்சூடாகக் காற்று வந்துகொண்டிருந்தது.