குப்பைப் பாடத்தின் மூன்றாம் வரி

உடுவில் தேவமலர் முதன்முதலாக ஜேர்மனிக்குப் போனது மருதனார்மடம் சந்தியில், கொலின்ஸ் மாஸ்ரரின் வகுப்புக் கதிரையில் இருந்தபடிதான். கலியாணம் முடிந்த கையோடு புருசன் ஜெனுஷன் ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டான். ஜேர்மன் மொழிச் சோதனையில் தேறினால்தான் அவளுக்கு விசா. மாஸ்ரரிடம் புதுக் கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. அதன் கமரா வாசிப்பவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். கண் வரியில் கிடக்க மனம் மேயப் போனால் மணி அடிக்கும். பாடமோ, எந்தக் குப்பையை எந்த நிற வாளியில் போடுவது என்பது. அதை வாசித்து யாருக்குத்தான் மனம் நிற்கும்? மூன்றாம் வரியில் தேவமலரின் கண் அசையாமல் நின்றது. அடுத்த நொடி கதிரையில் ஆளில்லை. மணி அடித்ததும் திரும்பி வந்து இருந்தாள். செருப்பில் வெண்பனி ஒட்டியிருந்தது. மாஸ்ரர் நிலத்தைத் துடைப்பித்துவிட்டு, இனிமேல் செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்.

அதனால் அவள் வெறுங்காலோடு போய் ஜெனுஷனின் குசினி அடுப்படியில் நிற்கவேண்டியதாயிற்று. முதலில் அவன் பயந்தான். பிறகு தேத்தண்ணி ஊற்றினான். பிறகு கம்பளிக் காலுறை வாங்கி வைத்தான். ஆனால் ஒருநாளாவது தேத்தண்ணி ஆறும்வரை இருக்க முடிந்ததா? பாழாய்ப்போன மணி இழுத்துவிடும். வகுப்பு முடிந்து போகையில் மருதனார்மடம் சந்தைச் சனம் அவளுடைய காலுறையைப் பார்த்து விலை விசாரித்தது, வேறொன்றும் கேட்கவில்லை.

சோதனையில் ஒவ்வொரு முறையும் அந்தக் குப்பைப் பாடமே அவளைக் கவிழ்த்தது. வகுப்பின் பெயர் கெடுகிறதே என்று மாஸ்ரருக்குக் கவலை.

"பிள்ளை, அங்கை போறதெண்டால் உந்தப் பாடத்தைக் கவனமா வாசிக்கோணும்."

"கவனமா வாசிச்சால் எப்பிடி மாஸ்ரர் போறது?" என்று கேட்டவள், மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். "அவரோடை ஒரு கதை கதைச்சு முடிக்க விடுதில்லை உந்த மணி."

கொட்டாவி விட்டாலே வகுப்பால் எழுப்பி அனுப்புகிற மனிசன் அவர். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவருக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை. மணியை நிறுத்திவிட்டு, சந்திக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்தார். வந்து பார்க்க, கதிரையில் ஆளில்லை. வாசலில் செருப்பு மட்டும் கிடந்தது.

சில வருசமாக அது அங்கேதான் கிடக்கிறது. கரண்ட் போனாலும் அந்தக் கொம்பியூட்டர் அணையாதபடி மாஸ்ரர் பற்றரி வாங்கி வைத்திருக்கிறார். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு மணியைப் போட்டுவிடுவார். தேவமலர் மகளை இடுப்பில் வைத்தபடி வந்திறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு உடுவிலுக்குப் போய், தாயோடு கோயிலுக்கும் போய், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, திரும்ப வந்து, மாஸ்ரர் மணியை நிறுத்தியதும் மூன்றாம் வரியில் கண்ணை வைப்பாள். நான்காம் வரிக்கு அவள் இன்னும் வரவில்லை. மீன் முள்ளை எந்த வாளியில் போடுவதென்று இன்றைக்கும் தெரியாது. அதை ஜெனுஷன்தான் போடுகிறான்.