கட்டாத கட்டடத்தின் நிழல்

திண்டிவனம் சேவியர் நகர் மூன்றாம் தெருவில் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிழல் 2023 தை மாதம் பத்தாம் தேதி மாலை மூன்றே காலுக்கு விழுந்தது. கட்டடம் அதுவரை கட்டப்படவில்லை, இன்றுவரையும் கட்டப்படவில்லை. அன்று காலைதான் தெருவின் மேற்கு முனையில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குப் பழைய மண்டி இருந்த காலிமனையில், சென்னைக் கம்பெனி ஆட்கள் இரண்டு கம்பம் நட்டு, ஐந்து மாடி, முப்பது வீடுகள், விரைவில் என்று ஒரு பலகை கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பலகைக்குப் பலகை அளவு நிழல் விழுவதுதான் வழக்கம். ஆனால் வெயில் சாய்ந்ததும், ஜன்னல், பால்கனி, உச்சியில் தண்ணீர்த் தொட்டி என்று சகலமும் வைத்த ஒரு கருப்பு அந்த மனையிலிருந்து கிளம்பி, தெருவின் நீளத்துக்கும் படுத்துக்கொண்டது. தரைத்தளம் முதல் வீட்டு வாசலில் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி கடைசி வீட்டு வாசலில் கிடந்தது.

நிழல் என்றதும் புளியமரத்தடி மாதிரி சுகமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதில் வைத்த பால் மூன்று நாளானாலும் தயிராகவில்லை. ரோட்டில் பரப்பிய மல்லாட்டை காயாமல் முளைவிட்டு, ஒரே வாரத்தில் பூவும் வைத்தது. கோழிகள் மூன்றரைக்கே கூண்டுக்கு ஓடின. ஓடுகிற அவசரத்தில் நடுவழியில் நின்றவாக்கிலேயே முட்டை போட்டன. தைப்பூசத்துக்குத் துவைத்த கம்பளி மாசி மகத்துக்கும் சொட்டிக்கொண்டிருந்தது. தெருநாய்கள் நிழலின் ஓரத்துக்கு வந்ததும் நின்று, ஆழம் பார்ப்பதுபோல் ஒரு காலை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பின. மேகம் மூடிய நாளிலும் அது நேரம் தவறாமல் விழுந்தது.

கடைசி வீடு அஞ்சம்மாளுடையது. அவள் கணவர் நடராசன், விழுப்புரம் வழியாகத் திருவெண்ணெய்நல்லூர் போகும் பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. போன பேச்சு மேற்கு வெயிலில் மட்டும் திரும்பி வந்தது. மூன்றரைக்கு நாற்காலியை வாசலில் போட்டு உட்காரவைத்தால் நாலு மணிக்கு உதடு இளகும். நாலே காலுக்கு ஆரம்பித்து, சூரியன் இறங்கும் வரைக்கும், பஸ்ஸில் ஏறி இறங்கிய சனங்களைப் பற்றி ஓயாமல் பேசுவார். வெயில் போனதும் பேச்சு பாதி வார்த்தையில் நின்றுவிடும். மறுநாள் மீதிப் பாதியிலிருந்து தொடங்கும். அஞ்சம்மாளுக்கு ஒரு நாள் என்பது அந்த இரண்டு மணி நேரம்தான். மற்ற இருபத்திரண்டு மணி நேரத்தை அவள் சும்மா வைத்திருந்தாள். நிழல் வந்த பிறகு அந்த இரண்டு மணி நேரமும் போயிற்று. அவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கொண்டுபோனாள். ஐந்து மணிக்குள் நிழல் ஏரிக்கரைக்கும் வந்து சேர்ந்து, அவர் வாயை மூடிவிட்டது.

ஆகவே கட்டடம் வேண்டாம் என்று முதலில் கிளம்பியவள் அவள்தான். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அடைக்கலராஜ், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனு எழுத, முப்பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட, திங்கட்கிழமை எல்லாரும் பஸ் ஏறி விழுப்புரம் போய் மனு வாங்கும் இடத்தில் கொடுத்தார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே அவசியம் இல்லை. அங்கிருந்து சீனுவாசன் என்ற அதிகாரி ஒரு மாசி மாத மாலையில் நேரில் வந்து பார்த்தார்.

"கட்டடமே இல்லியேம்மா," என்றார் அவர். "இல்லாத கட்டடத்து மேல நான் இன்னா ஆக்‌ஷன் எடுக்கறது?"

"கட்டடம் இல்லன்னா நீங்க ஏன் சார் வெயில வுட்டுட்டு இங்க வந்து நின்னுக்கினு இருக்கறீங்க?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

சீனுவாசன் குனிந்து பார்த்தார். மூன்றாம் மாடியின் நடுவில் நின்றிருந்தார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நெழலு நல்லாத்தான்மா இருக்குது," என்று சொல்லிவிட்டு, எழுத்து மூலமான ஆதாரம் இருந்தால் அனுப்பச் சொல்லிப் போய்விட்டார்.

ஆதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அடைக்கலராஜுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. ஆறடிக் கடப்பாரையை ஏரிக்கரை வெயிலில் நட்டு அதன் நிழலை அளந்தார். அதே நிமிஷத்தில் தெருவில் கட்டடத்தின் நிழலைச் சங்கத்து ஆட்கள் நூல் பிடித்து அளந்தார்கள். பெருக்கி வகுத்துப் பார்த்தால் உயரம் தொண்ணூற்றாறு அடி. பால்கனிகளை எண்ணினால் ஒன்பது வரிசை.

"மாட்னான் பாருங்க," என்றார். "அஞ்சுன்னு போர்டு வெச்சிட்டு ஒம்போது அடிக்கிறான். நாலு மாடி திருட்டு மாடி."

"சார், நெழல அளந்து குடுத்தா ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள் இரண்டாம் வீட்டில் தையல் தைக்கும் புனிதா.

"கணக்கும்மா. கணக்க எவன் ஒத்துக்காம போவான்?"

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒத்துக்கொண்டார்கள். பங்குனி கடைசியில் பதில் வந்தது: 'மனுதாரர்கள் முப்பத்தொன்பது பேரும் மேற்படி கட்டடத்தின் உயரத்தைத் தாமே அளந்து ஒப்பமிட்டிருப்பதால், கட்டடம் ஒன்பது தளங்களுடன் உள்ளது என ஏற்கப்படுகிறது. ஆட்சேபணை, கட்டி முடிக்கும் முன்பே தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.' கூடவே ஒன்பது தளங்களுக்கும் கதவு எண்கள் வந்திருந்தன. தெரு அந்தக் கடிதத்தை ஏழு முறை படித்தது. பதினோரு பேருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதற்கு மறுநாள் முதல் நிழலில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. நாலு மணிக்கு ரோட்டில் படுத்திருக்கும் பால்கனிகளில் யாரோ துணி உதறினார்கள். யாரோ போனைக் காதில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார்கள். இரண்டாம் மாடியில் ஒரு பெண் தலையை வலப்பக்கம் சாய்த்து நூலைப் பல்லால் கடித்தாள். அந்தத் தினுசில் நூல் கடிக்கிறவள் திண்டிவனத்தில் ஒருத்திதான்.

"புக் பண்ணிட்டியாடி?" என்றாள் அஞ்சம்மாள்.

புனிதா நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தியமா இல்லக்கா. எனக்கே இப்பத்தான் தெரியுது."

எட்டாம் நாள் அவள் தையல் மெஷினின் தலையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, காலிமனையின் முட்செடிகளுக்குள் நடந்து போனாள். பலகை வரைக்கும் முதுகு தெரிந்தது. அன்று மாலை இரண்டாம் மாடி நிழலில் மெஷின் சக்கரம் சுற்றியது. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் காலை வணக்கம் என்று ரோஜாப்பூவோடு ஸ்டேட்டஸ் வைத்தாள். அஞ்சம்மாள் போன் போட்டபோது உடனே எடுத்தாள்.

"எங்கடி இருக்கற?"

"வூட்லதான்கா. காத்து சூப்பரா வருது."

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு லிப்ட் ஏறிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் பேசினார்கள். முக்கால் மணி நேரமும் அது எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் உருவத்தை ரோட்டில் பார்த்தார்கள். பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லவில்லை. பார்க்காதவர் பார்த்தவரோடு பேசவில்லை. சங்கக் கூட்டத்தில் ஒருவர் நிழலை ஒருவர் வேவு பார்த்தார்கள். ஒருவர் போனதும் மனுவின் நகலில் அவர் கையெழுத்து மறைந்து, பேனா அழுத்திய பள்ளம் மட்டும் இருந்தது. போனவர்களில் யாரும் சாவுக்கும் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. மொய் மட்டும் போனில் வந்தது. அடைக்கலராஜ் ஐப்பசி வரைக்கும் தாக்குப்பிடித்தார். ஆறாம் மாடியில் ஒரு ஆள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டு, அது தான் இல்லை என்று நிரூபிக்க நோட்டுப் புத்தகத்தோடு மனைக்குள் போனார். அதன்பின் அந்த ஆள் நோட்டில் எழுதுவதும் நிழலில் தெரிந்தது.

அடுத்த தை பிறந்தபோது தெருவில் பூட்டாத வீடு ஒன்று; மனுவில் கையெழுத்து ஒன்று. அஞ்சம்மாள் வருஷம் முழுக்கப் பேச்சில்லாத மனிதருக்குச் சோறு பிசைந்து ஊட்டியிருந்தாள். ஒரு நாள் நாலே காலுக்கு, வழக்கம்போல நிழலுக்குள்ளேயே நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, தன் வாசலில் கிடந்த ஒன்பதாம் மாடியில் இன்னொரு நாற்காலியைப் பார்த்தாள். அதில் நடராசன் இருந்தார். அங்கே அவருடைய இரண்டு கையும் ஆடின. வாய் ஓயாமல் அசைந்தது. நடுவில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பக்கத்தில் காலியாக ஒரு நாற்காலி. அதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அஞ்சம்மாள் மண்டிபோட்டு, தார் ரோட்டில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ரோடு சில்லென்று இருந்தது.

"இன்னாங்க," என்றாள், எழுந்து, இங்கே உட்கார்ந்திருந்தவரிடம். "யாரு கிட்டங்க பேசிக்கினு இருக்கறீங்க?"

நடராசன் உதட்டைத் திறக்கப் பார்த்தார். அது திறக்கவில்லை. நல்லாயிருந்த வலக்கையைத் தூக்கி அவளைக் காட்டினார்.

அவள் அடைக்கலராஜுக்குப் போன் போட்டாள். "சார், நான் தோத்துட்டேன்னு நோட்ல எழுதிக்கோங்க."

"யாரும் தோக்கலம்மா," என்றார் அவர், லிப்ட் சத்தத்துக்கு நடுவில். "மேல வாங்க. ஒம்போதாவதுல காலைலேர்ந்து ராவு வரைக்கும் வெயிலுதான். நாமளே கண்டுபுடிச்ச மாடி."

மறுநாள் ஷேர் ஆட்டோ பலகை வரைக்கும் போயிற்று. அங்கே இறங்கி, அவள் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே நடந்தாள். ஆட்டோக்காரர் பத்து நிமிஷம் காத்திருந்தார், முட்செடி அசையவில்லை. புனிதாவின் போன் தகவல்படி, ஒன்பதாம் மாடியில் இப்போது விடிந்ததிலிருந்து பேச்சு. சில நாள் அஞ்சம்மாளே, கொஞ்சம் வாயை மூடுங்க என்று சண்டைக்குப் போகிறாளாம். கீழே ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, இரண்டு நாற்காலியும் இரண்டு தலையும் தெரியும்.

மற்றபடி மூன்றாம் தெருவில் விசேஷம் ஒன்றும் இல்லை. லாரிக்காரர்கள் நாலு மணிக்கு மேல் பால்கனிகளை மிதிக்காமல் ஒதுங்கி ஓட்டுகிறார்கள். மாலைப் பால் போடும் தமிழ்மணி, மேற்கிலிருந்து கிழக்காக நடந்து, மாடிக்கு இத்தனை பாக்கெட் என்று ரோட்டில் வைத்துக்கொண்டே போகிறார். வைத்துத் திரும்புவதற்குள் எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் பத்தாம் மாடிக்கும் அரை லிட்டர் வேண்டும் என்று அவருக்குப் போன் வந்தது. பத்தாம் மாடி இன்னும் விழவில்லை. அஞ்சம்மாள் வீட்டைத் தாண்டி, நாலாம் தெரு தொடங்கும் இடத்தில், நல்ல வெயிலில் பாக்கெட்டை வைத்துவிட்டு வருகிறார். அதையும் எடுத்துக்கொள்கிறார்கள்.