பக்க ஓரத்து மீன்

தூனிஸ் நகரத்து தபாகீன் தெருவில், ஹேதியின் பழைய புத்தகக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. படித்ததைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் சில்லறை சேர்த்து வைத்தால் வேறொன்றை எடுத்துப் போகலாம். ஒரே புத்தகத்தை இரண்டு தரம் தூக்கிப் போய் ஏமாறாமல் இருக்க, ஆளுக்கொரு பென்சில் குறி போட்டுவைப்பார்கள்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் மொங்கியா துப்பறியும் கதை தவிர எதையும் தொடமாட்டாள். கொலை இல்லாத கதை உப்பில்லாப் பண்டம் என்பது அவள் கட்சி. அந்தக் குளிர்காலத்தில், ஒரு கொலைக்கதையின் நடுப்பக்க ஓரத்தில் குட்டி மீன் ஒன்றைப் பார்த்தாள். தூனிஸில் மீனைப் பார்த்து மகிழாதவர் யார்? கண்ணேறு படக்கூடாதென்று மீன் உருவத்தை வாசலிலேயே மாட்டுகிற ஊராயிற்றே! யாரோ சொக்கிப்போய் அந்தப் பக்கத்துக்கே திருஷ்டி கழித்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததோ வெறும் மழையைப் பற்றி. மூன்றாம் தரம் படித்தபோது அந்த மழை அவளுக்கும் பிடித்துவிட்டது.

அப்புறம் மீனைத் தேடுவதே வேலையாயிற்று. அது கவிதைக்குள் போனது, இவளும் போனாள். நிலவில் குடியேறியவர்கள் கதை, கிழவனும் கிழவியும் காதலிக்கிற நாவல், பாலைவனப் பயணி ஒருவரின் நாட்குறிப்பு என்று, பெயரே கேள்விப்படாத எழுத்தாளர்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

ஆனால் படித்ததைப் பேச ஆளில்லை. அது அவளை அரித்தது. அக்கா துராயாவிடம் வாயைத் திறந்தாலோ, "பென்சிலையே கட்டிக்கிறதுதானே?" என்று கேலி. இதே பக்கங்களைப் படித்த ஒரே ஒரு ஜீவன் ஊரில் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று ஹேதியை நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் அவர் இரண்டு கடை தள்ளியிருந்த முடிதிருத்துபவர் லாமீனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இந்த மீன் உங்களோடதா? எவ்வளவு ரசிச்சிருந்தா இப்படிப் போட்டிருப்பீங்க!"

"ரசிச்சேனா? நீங்க வேற. முள்ளு தொண்டையில சிக்கின இடம் அது. அதோட மூடி வச்சுட்டேன்." லாமீன் மீசையைத் தடவினார். "இதுவரைக்கும் ஒண்ணையாவது முடிச்சிருக்கேனா, ஹேதியையே கேளுங்க."

ஹேதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மொங்கியாவின் முகம் செத்துவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க, எதுவுமே பிடிக்காத ஒரு மனிதரின் பின்னாலா போய்க்கொண்டிருந்தோம்? அழுகை முட்டியது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, ஏனென்றால் புத்தகங்கள் நன்றாக இருந்தன. பையிலிருந்து பாலைவன நாட்குறிப்பை எடுத்து அவர் முன்னால் பொத்தென்று போட்டாள். பயணி கிணற்றை எட்டுவதற்கு ஒரு பக்கம் முன்னால் விட்டுவிட்டு ஓடியிருக்கிறீர்களே, நீங்களெல்லாம் ஒரு வாசகரா என்று பிடித்துக்கொண்டாள்.

லாமீன் திரும்பிப் போகக் கிளம்பினார். வாசலில் நின்றார்.

"கிணத்துல தண்ணி இருந்துச்சா?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவள் இத்தனை நாள் ஏங்கியிருந்தாள். நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"சொல்லமாட்டேன். உக்காருங்க" என்று மீன் இருந்த பக்கத்தைத் திறந்தாள்.

"கடையில ஒருத்தன் பாதி சவரத்தோட இருக்கான்மா" என்று முனகிக்கொண்டே லாமீன் முக்காலியை இழுத்துப் போட்டார்.