கவிழ்த்த சட்டி

விடியுமுன்பே எங்கள் கொட்டகையில் துருத்தூள் பறக்கும். சுங்கைப் பட்டாணி டவுன் ஓரத்துத் தகரக் கொட்டகை. இடிபடும் ரப்பர்த் தோட்டத்து லயவீடுகளிலிருந்து பழைய இரும்பாக வந்து சேரும் வார்ப்பிரும்புச் சட்டிகளைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் தடவி, அடுப்பில் காய்ச்சிப் பழக்க வேண்டும். அப்புறம் பினாங்கிலிருந்து காரில் வருகிறவர்கள் வாங்கிப்போய் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார்களாம். சோறு வடித்த சட்டிக்கு வந்த வாழ்வு. எங்களுக்கோ தும்மினாலும் துரு, துப்பினாலும் துரு.

அன்று அடுப்பில் மெர்போக் தோட்டத்துக் கோயில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. போன வாரம் அதைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது சங்கிலி அறுந்தது. காஸ்டிக் தண்ணீர் கூட வேலைசெய்த குணாளன்மேல் கொட்டியது. சங்கிலியை மாற்றச் சொல்லி நச்சரித்தவனும் அவன்தான். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. நேற்றுத்தான் எரித்துவிட்டு வந்தோம்.

மூங்கில் கொடுத்து நாலு பேராகச் சட்டியை இறக்கிச் செங்கல்மேல் வைத்தோம். ஆறும்போது அது தானாக ஒருமுறை 'டங்' என்றது. குணாளன் எந்தச் சட்டியையும் விரலால் தட்டி, கீறல் இருக்கிறதா என்று காதுகொடுத்த பிறகே வேலையைத் தொடங்குவான். அதே ஒலி. தஞ்சோங் டாவாய் கடற்கரையில் காற்றிலும் வெயிலிலும் மீன் காயவைத்தவள் நான். நானே ஓரடி பின்வாங்கினேன்.

"கேட்டுச்சா, சம்சியாக்கா?" என்றாள் மறுபக்கம் மூங்கில் பிடித்திருந்த லோகேஸ்வரி.

"கேட்டுச்சுலா," என்றேன்.

முதலாளி விக்னேஸ்வரன் உள்ளே வந்தார்.

"மத்தியானம் விபத்த விசாரிக்க ஆபிசர் வருவாரு. குணா வெளையாட்டா சங்கிலியில தொங்கினான்னு சொல்லுங்க. நானும் பொழைக்கணும் இல்லையா?"

காளிதாசன் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தான். ரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"லோகா, சட்டி வாங்குறவரு இப்ப வந்துருவாரு. நீ அந்தத் தோட்டத்துல பொறந்தவதானே? சட்டியோட கதைய சொல்லு. கதை இருந்தாதான் வாங்குவாங்க."

"சொல்றேன் பாஸ். தோட்டத்துல சாவு விழுந்தா இந்தச் சட்டிய கவுத்துருவாங்க. நிமுத்துற வரைக்கும் ஒருத்தரும் மரத்துல பால் எடுக்கப் போக மாட்டாங்க."

"அதான், அதான். அத அப்படியே சொல்லு."

சந்தோஷமாக வாசலுக்குப் போனார். கதையை விற்கத் தெரிந்தவருக்குக் கேட்கத் தெரியவில்லை. எங்களுக்குக் கேட்டது. காளிதாசன் மூங்கிலை எடுத்தான். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தோம்.

சட்டி வாங்க வந்த பினாங்குக்காரர் உள்ளே வந்து நின்றார்.

"ஏன் கவுந்து கெடக்கு?"

"சாவு விழுந்திருக்கு சார்," என்றாள் லோகேஸ்வரி. "குணாளன். சங்கிலிய மாத்தச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தான். மாத்தல. அறுந்துருச்சு."

விக்னேஸ்வரன் முகம் வெளுத்தது. "நிமுத்துங்க."

யாரும் அசையவில்லை. அவரே குனிந்து விளிம்பைப் பிடித்து இழுத்தார். அந்தச் சட்டி ஒற்றை ஆளுக்கு என்றைக்கு அசைந்திருக்கிறது? சட்டையெல்லாம் கரியானதுதான் மிச்சம். பினாங்குக்காரர் சத்தமில்லாமல் காருக்குப் போய்விட்டார்.

"வேற ஆளு கொண்டாந்து நிமுத்துவேன். உங்க எல்லாருக்கும் இன்னையோட வேலை இல்ல."

"கொண்டாங்க பாஸ்," என்றான் காளிதாசன். "அவங்களுக்கும் இதே கதைய சொல்றோம்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நாளை யாருக்கு வேலை இருக்குமோ, ஆபிசர் எங்கள் பேச்சைக் காதில் வாங்குவாரோ, தெரியாது. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆபிசருக்காகக் காத்திருந்தோம். இரும்பு இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

ரமணி கைநீட்டி, குணாளன் தட்டுகிற மாதிரியே விரலால் தட்டினாள். நாங்கள் எல்லாரும் காதுகொடுத்தோம்.

கீறல் இல்லை.