வரப்புப் புல்

டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன பகலவன், பக்கத்தில் நின்ற லைன்மேன் ஷேக் பரீத் போனில் பேசியதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"கம்பம் மாத்தி முடிச்சாச்சு சார். வயக்காட்டுப் பக்கம் இப்ப த்ரீ பேஸ் விட்டுரலாம்."

விடியலுக்கு முன்பே போன கரண்ட் அது. போயிருந்ததால்தான் பகலவன் ஏமாந்தான். தினமும் விடிந்ததும் வயலுக்குப் போவான். மோட்டார் கொட்டகையில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும். மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தால் பல்பு அணையும். வயலைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஓடும் கம்பியும் அதோடு அடங்கும். பல்பு அணைந்தால் வேலை முடிந்தது என்று கைக்குப் பழகியிருந்தது. இன்றைக்கு அவன் போகும்போதே பல்பு அணைந்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்க வந்துவிட்டான். கைப்பிடி இன்னும் மேலேதான் இருக்கிறது; கரண்ட் விட்டால் கம்பியிலும் பாயும்.

ஷேக் பரீத் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கண்ணே, வயல்ல கம்பி போட்டிருக்கேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மோட்டார் இணைப்பு போய்விடும், போலீஸ் வரும். பகலவன் வாயைத் திறந்தான். "வர்றேன்ணே" என்றுதான் வந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பும்போது தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை.

ஒன்றரை ஏக்கர் நிலம். அவன் அப்பா வீரையன் எந்த வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தாரோ, அதே வயலைப் பிற்பாடு விலைக்கு வாங்கினார். அதில் யாராவது கால் வைத்தால் பகலவனுக்கு நெஞ்சில் மிதித்ததுபோல இருக்கும். போன மார்கழியில் கொள்ளிடத்து நாணல் காட்டிலிருந்து பன்றிகள் வந்தன. பால் பிடித்த கதிர் பன்றிக்குப் பாயசம். ஒரே ராத்திரியில் கால்வாசி வயலை உருட்டிவிட்டுப் போயின. தகர டின் தட்டினான். மனைவி மாலதியின் பழைய புடவைகளைச் சுற்றிலும் கட்டிப் பார்த்தான். பன்றிகள் புடவையையும் கிழித்துக்கொண்டு போயின. ஊர்ப் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இந்த வருஷம் கம்பியை இழுத்து, மோட்டார் சுவிட்சிலேயே கொடுத்துவிட்டான். கேட்டவர்களிடம் சோலார் வேலி என்றான்.

தம்பி இனியவன் திருவையாற்றில் வக்கீல். போன வாரம் வந்தவன் கொட்டகைக்குள் நுழைந்து, ஒயர் எங்கிருந்து போகிறது என்று பார்த்துவிட்டான்.

"சோலார்னு சொன்னே?"

"அது ஊருக்குச் சொன்னது."

இனியவன் கொட்டகையை விட்டு வெளியே வந்தான். பிறகு, "வாழைக்கொல்லை கேஸ் ஒண்ணு பாத்துக்கிட்டிருக்கேன்ணே" என்றான். "தார் திருட வந்தவன் கம்பில மாட்டிச் செத்துட்டான். திருடன்னு ஊருக்கே தெரியும். இருந்தும் கொல்லைக்காரர் உள்ள இருக்காரு."

"திருட வந்தவனுக்கு மாலை போட்டுக் கூப்புடணுமா?"

"வெரட்டலாம்ணே. தடுக்கலாம், புடிச்சு போலீஸ்ல கொடுக்கலாம். பொருளக் காப்பாத்த எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குச் சட்டம் விடுது. ஒரு வாழத்தாருக்கு ஒரு உயிர எடுக்க விடாது. அடிக்கிறவன் அங்க நிக்கணும். எதிர்ல யாரு, எப்ப நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியணும். நீ வீட்டுல தூங்கிக்கிட்டிருப்பே. கம்பி ஆள் பாக்காது."

"பன்னிதாண்டா வரும்."

"ராமாயிக்கா வராதா?"

"அது விடிஞ்சப்புறம்தான் வரும். அதுக்குள்ள நான் நிறுத்திருவேன்."

ராமாயிக்கு ஒரு மாடு உண்டு, நிலம் கிடையாது. வரப்புப் புல்லுக்கு அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. யார் வயல் வரப்பாக இருந்தாலும் அரிவாளும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். அவளிடமும் பகலவன் சோலார் என்றுதான் சொல்லியிருந்தான். ராத்திரியில் லேசாகச் சுண்டும், பகலில் ஒன்றும் செய்யாதுக்கா என்றான். உள்ளதைச் சொன்னால் அவள் பயந்து ஊரெல்லாம் சொல்லிவிடுவாளே என்ற பயம் அவனுக்கு.

வாய்க்கால் கரையில் வண்டியைப் போட்டான். பனி முழுக்க விலகவில்லை. கிழக்கு வரப்பில் ராமாயி குந்தியிருந்தாள். மற்றவர்கள் ஒதுங்கிப் போனதால் கம்பியடியில்தான் புல் செழித்துக் கிடந்தது. இடது கையால் கம்பியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே அரிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா! விடுங்க! தள்ளிப் போங்க!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு தூரத்துக்குக் குரல்தான் எட்டியது, பேச்சு எட்டவில்லை. கூப்பிடுகிறான் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் வலிக்காரி, எதையாவது பிடிக்காமல் எழ முடியாது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். பகலவன் வாயை மூடிக்கொண்டான்.

கொட்டகை எதிர் மூலையில், கம்பிக்கு உள்ளே இருந்தது. வரப்போடு போனால் சுற்று. பகலவன் தன் கம்பிக்கு முன்னால் ஒரு கணம் நின்றான். அதில் எந்த நொடியில் கரண்ட் பாயும் என்று தெரியாது. தாண்டிக் குதித்துப் பயிருக்குள் விழுந்தான். எழுந்து நேராக ஓடினான். சேறு காலை இழுத்தது. கதிர்கள் மார்பில் அடித்து முறிந்தன. விழுந்த இடத்திலெல்லாம் பயிரைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து எழுந்து ஓடினான்.

கைப்பிடியைக் கீழே இழுத்தான். மூச்சு வாங்குவதற்குள் பக்கத்து வயல்களில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகவே உறுமின. குழாய்களில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. பகலவனுக்கு அழுகை வந்தது.

ராமாயி புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்போடு மெதுவாக வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, வயலின் நடுவே குறுக்காகக் கிடந்த தடத்தைப் பார்த்தாள்.

"ஐயோ தம்பி, பன்னி வந்துருச்சா? எப்படி உழப்பிட்டுப் போயிருக்கு பாரு! பாலெல்லாம் வீணாப்போச்சே. அதத்தான் அங்கேருந்து கத்துனியா?"

அவன் இடுப்பு வரைக்கும் சேறு. சட்டையில் முறிந்த கதிர்களின் பால் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கண்ணைத் துடைத்தான்; கையிலிருந்த சேறு முகத்தில் அப்பியது.

"அழுவாதப்பா. சாஞ்சதத் தூக்கிக் கட்டுனா கொஞ்சமாவது தேறும். இரு, நான் வர்றேன்."

புல்லுக்கட்டை இறக்கி வரப்பில் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். விழுந்துவிடாமல் இருக்கக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி, வலிக்கிற காலை முதலில் தூக்கி இந்தப் பக்கம் வைத்தாள். பகலவன் அந்தக் கைப்பிடியை, இனிமேல் கீழே போக இடமில்லாத கைப்பிடியை, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றான்.