கண் டாக்டரின் வெள்ளை மரங்கள்

வீட்டில் அவளை முள்ளு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் அப்படி. சின்ன வயதில் யாரோ கோபத்தில் வைத்த பெயரை அவள் பட்டம் போல வைத்துக்கொண்டாள். மரக்கன்று வளர்த்து விற்பதும், எந்த இடத்துக்கு எந்த மரம் பொருந்தும் என்று பார்த்து நட்டுக் கொடுப்பதும் அவள் தொழில். மரங்களிடம் அவளுக்கு மரியாதை உண்டு. தெரியாததைத் தெரிந்த மாதிரி அவை பேசுவதில்லை. மனிதர்களில் அவள் துளிகூட மதிக்காத ஆள் ஒருவர் இருந்தார் என்றால், அது அக்காவின் புருஷன்.

அத்தான் கண் டாக்டர். நல்ல கைராசி. அதை முள்ளுகூட மறுத்ததில்லை. ஆனால் ஆபரேஷன் அறையை விட்டு வெளியே கால் வைத்ததும் மனுஷனுக்குப் புத்தி கழன்றுகொள்ளும் என்பது அவள் கட்சி. ஒருமுறை வீட்டுக்குள்ளேயே நீச்சல் குளம் கட்டக் கிளம்பினார். இன்னொருமுறை வெந்நீரை மட்டும் குடித்து இருபது வயது குறையப் போவதாகச் சொன்னார். எதைச் சொன்னாலும் அக்கா, "சரிங்க" என்பாள். அந்த "சரிங்க" காதில் விழுந்தாலே முள்ளுவுக்குப் பல் கூசும். அத்தானிடம் இளக்காரம் என்றால், அக்காவிடம் அதைவிட ஒரு படி கூடுதலான இளக்காரம். முட்டாளாக இருப்பது பிறவிக் குணம், முட்டாளுக்குத் தலையாட்டுவது ஒருத்தி தானாகத் தேர்ந்தெடுப்பது என்று அவள் நினைத்தாள்.

அந்த வருஷம் அத்தான் புதிதாக ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுப்பினார். முன்னால் பெரிய முற்றம், பளபளவென்று வெள்ளை டைல்ஸ். நடுவில் மண் விட்டிருந்த பாத்திகளில் என்ன மரம் வைக்கலாம் என்று முள்ளுவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் போனபோது ஆலோசனை அறையில் அத்தானோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தலையில் தூக்கி வைத்த கறுப்புக் கண்ணாடி, கணுக்காலுக்கு மேலே நின்றுவிட்ட பேண்ட். தோட்ட வடிவமைப்பு ஆலோசகராம்.

அத்தான் போனை நீட்டினார். ஏதோ குளிர் நாட்டுக்கு மாநாட்டுக்குப் போய் வந்திருந்தார். படத்தில் அவர் ஓவர்கோட்டும் குல்லாவுமாக நிற்க, பின்னால் வெள்ளைவெளேரென்று தோல் உரியும் மரங்கள்.

"பிர்ச் மரம். நம்ம முற்றத்துல ரெண்டு வரிசை இது. நடுவுல செர்ரி. வசந்த காலத்துல பூத்துக் கொட்டும் பாரு, எல்லாரும் போட்டோ எடுக்க வந்து நிப்பாங்க."

"எந்த வசந்த காலம் அத்தான்?" என்றாள் முள்ளு. "நம்ம ஊர்ல மழை, புழுக்கம், அப்புறம் கொஞ்சம் குறைஞ்ச புழுக்கம். இதுல வசந்தம் எதுன்னு காட்டுங்க, பூக்கச் சொல்றேன்."

ஆலோசகன் அவளைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தான். "மேடம், இங்கயும் குளிர்காலம் வருது இல்லையா?"

"வருது. ஃபேனை ரெண்டுல இருந்து ஒண்ணுக்குக் குறைக்கிற அளவுக்கு வருது. அந்த மரங்க நல்லாக் குளிர்ல வாரக்கணக்கா தூங்கி எழுந்தாத்தான் ஒழுங்காத் துளிர்க்கும், பூக்கும். இங்க தூங்கறதா முழிச்சிருக்கறதான்னே அதுக்குத் தெரியாது. ஒரு கிளை துளிர்க்கும், ஒரு கிளை மொட்டையா நிக்கும். இந்த ஈரக் காத்துல இலையெல்லாம் பூஞ்சை பிடிக்கும். அதோட பிர்ச்சுக்கு வெயிலே ஆகாது."

"எல்லாத்துக்கும் நெகட்டிவாவே பேசு," என்றார் அத்தான். "செடிதானே? தண்ணி ஊத்தினா வளரப் போகுது."

"அப்ப சரி. அடுத்த வாரம் நான் வந்து கண் ஆபரேஷன் பண்றேன். கண்ணுதானே? கத்தி வெச்சாத் திறக்கப் போகுது."

கதவோரம் காபித் தட்டோடு நின்ற அக்கா தரையைப் பார்த்தாள்.

"அவர் ஆசைப்படறார்டி," என்றாள் மெதுவாக. "நீயே வந்து நட்டுக் கொடுத்திடேன்."

"சாகப்போறதை நட எனக்கு நேரமில்ல," என்று சொல்லிவிட்டு முள்ளு காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

மரங்கள் மலைப்பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து லாரியில் வந்து இறங்கின. திறப்பு விழாவில் பிரமுகர்கள் வெள்ளைத் தண்டுகளைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். முள்ளு போகவில்லை. அக்காதான் போனில் சொன்னாள், "பாக்க நல்லாத்தான் இருக்கு, ஏதோ வெளிநாடு மாதிரி."

"வெளிநாட்டுல மரத்துக்குக் கீழே நிழல் இருக்கும். இருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் வழக்கம் போல வந்த சுவடு தெரியாமல் போனது. அதன்பின் முள்ளு சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. பிர்ச் மரங்களில் ஒரு பக்கம் இலை வந்தது, மறு பக்கம் குச்சியாகவே நின்றது. வந்த இலையிலும் மஞ்சள் புள்ளி விழுந்து, முதல் கோடை மழைக்கே கருகிச் சுருண்டது. செர்ரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து, மன்னிப்புக் கேட்பது போல உதிர்ந்தது. தண்டுகளில் பூச்சி துளைத்த ஓட்டைகள். அத்தான் ஆலோசகனுக்குப் போன் போட்டார். மரங்கள் "பழகிக்கொண்டிருப்பதாக" அவன் சொன்னான். அத்தானும் வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொன்னார். முள்ளு ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டரை மெதுவாக்கி, வேலிக்கு உள்ளே பார்த்து, திருப்தியாக ஒரு தடவை உச்சுக்கொட்டிவிட்டுப் போவாள். அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், ஒரு காலை, அக்கா நர்சரிக்கு வந்து நின்றாள். அவள் அங்கே வந்ததே அபூர்வம். செருப்பெல்லாம் சேறு. முகம் தூங்காத முகம்.

"என்ன, அத்தான் அடுத்து ஐஸ் மலை கேக்கறாரா?" என்றாள் முள்ளு.

அக்கா சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். "நேத்து ஒரு பொம்பளை விழுந்துட்டா. தையல்காரி. கண்ணுக்கு மருந்து விட்டு அனுப்பியிருந்தோம்."

பரிசோதனைக்காக மருந்து விட்டால் பல மணிநேரம் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அப்படி மருந்து விட்டவர்கள் கூட்டிப் போக ஆள் வரும் வரை முற்றத்தில்தான் காத்திருப்பார்கள். மேலே வெயில், கீழே வெள்ளை டைல்ஸ். ஒதுங்க ஒரு கையகல நிழல் கிடையாது. தையல்காரி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நகர்ந்திருக்கிறாள். பிர்ச் பாத்தியின் விளிம்புக் கல் தடுக்கிக் குப்புற விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"நான்தான் எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் ஒண்ணுதான் கேட்டா. 'கத்தரி பிடிக்க முடியுமாம்மா, கத்தரி பிடிக்க முடியுமா'ன்னு." அக்கா செருப்புச் சேற்றைத் தரையில் தேய்த்தாள். "திரும்பி வந்து அவர்கிட்ட சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன?"

"'கண்ணைத் திறந்து பாத்து நடக்க வேணாமா'ன்னார்."

முள்ளுவுக்கு வாயில் வசவுகள் வரிசை கட்டி நின்றன. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அந்த முகத்தில் இருந்தது அழுகை இல்லை. முள்ளு தினமும் கண்ணாடியில் பார்க்கிற ஒன்று, அக்காவின் முகத்தில் முதல் தடவையாக இருந்தது. சுத்தமான வெறுப்பு.

"எது வெக்கணும்னு சொல்லு," என்றாள் அக்கா எழுந்து. "நிழல் வேணும். காத்துல ஒடியக் கூடாது. எல்லாத்தையும் காட்டு."

இருவரும் கன்று வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். ஒரு கன்றில் மாட்டியிருந்த, சிவப்பாகப் பூத்த மரத்தின் படத்தை அக்கா காட்டினாள். முள்ளு உதட்டைப் பிதுக்கினாள்.

"மயில்கொன்றையா? ஆடம்பரமாப் பூக்கும். பெருங்காத்து அடிச்சா முதல் ஆளாப் படுத்துடும். உள்ளே உறுதியே கிடையாது. உன் வீட்டுக்காரர் மாதிரி."

"இலவம்?"

"வேற வினையே வேணாம். பஞ்சு வெடிச்சுப் பறக்கும். கண் ஆஸ்பத்திரி வாசல்ல கண்ணுல பஞ்சு விழுந்தா, வியாபாரம் நல்லா நடக்கும்."

"யூகலிப்டஸ்?"

"மரம்னு சொன்னா கோபம் வரும். அது கம்பம். நிழலே விழாது."

நெட்டிலிங்கத்தைக் கண்டதும், "இது காவல்காரன், வெறும் நெட்டை," என்று தாண்டிப் போனாள். கடைசியில், இடுப்பைத் தாண்டி வளர்ந்து பைகளில் நின்ற புங்கையிடம் வந்ததும் அவள் குரல் தணிந்தது.

"இதை வெச்சுக்கோ. மழையில நின்னாலும் அழுகாது, வெயில்லயும் வாடாது. இந்த ஊர்க் குளிரைக் கண்டுக்கவே கண்டுக்காது. சீக்கிரமா குடை விரிக்கும். வருஷத்துல கொஞ்ச நாள் இலை கொட்டும், ஆனா கோடை உக்கிரம் வர்றதுக்குள்ள புது இலை வந்துடும். இடையில மகிழம் போடு. அது மெதுவாத்தான் வளரும், ஆனா எப்பவும் பச்சை, காத்துக்கும் அசையாது. மழைத்தண்ணி தேங்குற அந்த மூலையில ஒரு நீர்மருது. சுவத்தை விட்டு நல்லாத் தள்ளி. பெரிய ஆளா வரும்."

"நிழல் எப்ப விழும்?"

"புங்கை ரெண்டு மூணு வருஷத்துல."

"அது வரைக்கும் அந்தப் பொம்பளைங்க எங்க நிப்பாங்க?"

முள்ளு இதை யோசித்திருக்கவில்லை. "பச்சை வலை கட்டலாம்," என்றாள். "பாத்தி விளிம்பையும் இடிச்சுத் தரையோட சமமாக்கிடலாம்."

"இன்னைக்கே கொண்டு வா."

"இன்னைக்கா? அத்தான்?"

"இன்னைக்கு அவருக்கு வரிசையா ஆபரேஷன். தியேட்டரை விட்டு வர முடியாது."

முள்ளு அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஆட்களைக் கூப்பிட்டாள்.

பிர்ச்சையும் செர்ரியையும் பிடுங்க அதிக பலம் தேவைப்படவில்லை. வேர் மண்ணைப் பிடிக்கவே இல்லை, நட்ட பை அளவிலேயே சுருண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் ஜன்னல்களில் கூடிவிட்டார்கள். மாடியில் கை கழுவும் அறை ஜன்னலில், பச்சைத் தொப்பியும் முகமூடியுமாக அத்தானின் தலை தெரிந்தது. கைகளைச் சுத்தம் செய்து இரண்டையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். எதையும் தொடக் கூடாது. கண்ணாடியைத் தட்டக்கூட முடியாது. முகமூடிக்குள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்றார்?" என்றாள் முள்ளு.

"கேக்கலையே," என்றாள் அக்கா, மேலே பார்த்துக்கொண்டே. பிறகு குழிக்காரனிடம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுப்பா," என்றாள்.

கடைசி ஆபரேஷன் முடிந்து அத்தான் இறங்கி வந்தபோது பாத்தி விளிம்பை இடித்து, மேலே பச்சை வலை இழுத்து, கன்றுகளுக்குக் கம்பும் கட்டி முடித்திருந்தது. பிர்ச்சும் செர்ரியும் லாரியில் விறகாகக் கிடந்தன.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?" முற்றமே அதிர்ந்தது.

முள்ளு வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரையும் கேக்கல," என்றாள் அக்கா.

"என் ஆஸ்பத்திரி இது!"

"நேத்து விழுந்தவளுக்குப் பதில் சொன்னது நான். நாளைக்கு விழறவளுக்கும் நான்தான் சொல்லணும். உங்களால 'பாத்து நட'ன்னு சொல்ல மட்டும்தான் முடியுது." அவள் குரல் ஏறவே இல்லை. "இந்த முற்றத்துல இனிமே எது வெக்கறதா இருந்தாலும் என்னைக் கேளுங்க. இப்ப உள்ளே போங்க, நோயாளிங்க பாக்கறாங்க."

அத்தான் முள்ளுவைப் பார்த்தார். எல்லாம் இவள் வேலை என்று வாய்வரை வந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா இன்னும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதால் அது வெளியே வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கசக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று வீடு திரும்பும்போது முள்ளு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஏதோ உறுத்தியது. வேலிக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி அவள் உச்சுக்கொட்டிய நாட்களிலும் முற்றத்தில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு நின்றுதான் இருந்தார்கள். அவள் பார்த்தது பட்டுப்போன மரத்தை மட்டும். அந்த நினைப்பு பிடிக்காமல் வண்டியை வேகமாக ஓட்டினாள்.

தையல்காரியின் கை கூடிவிட்டது. ஆனால் மழைநாளில் இன்னும் வலிக்கிறதாம். ஆஸ்பத்திரித் திரைச்சீலை, படுக்கை உறை எல்லாவற்றையும் இப்போது அவள்தான் தைக்கிறாள். அக்கா ஏற்பாடு.

புங்கைகள் ஆள் உயரத்தைத் தாண்டிக் குடை விரித்ததும் பச்சை வலையை அவிழ்த்தார்கள். கீழே பெஞ்சு போட்டார்கள். வந்து போகிறவர்கள் எல்லாரும் பாராட்ட, அத்தான் மெல்ல மெல்ல மாறினார். முதலில், "பரவாயில்லை," என்றார். பிறகு, "நாங்கள் யோசித்து வைத்தோம்," என்றார். அப்புறம் "நாங்கள்" தேய்ந்து "நான்" ஆனது. நமது தட்பவெப்பத்துக்கு ஏற்ற மரங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு சங்கக் கூட்டத்தில் அவர் சொற்பொழிவே நிகழ்த்தினார் என்று கேள்வி. பழைய ஆலோசகன் வந்து நின்று, அந்த நிழலைத் தன் வேலை என்று படம் பிடித்துப் போட்டுக்கொண்டான்.

"நாலு பேர் முன்னால மூக்கை உடைச்சுட்டு வரட்டுமா?" என்றாள் முள்ளு கொதித்துப்போய்.

"விடுடி. அவர் பேசட்டும். நிழல் விழுதுல்ல," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

ஒருநாள் கிளை கழிக்க முள்ளு போயிருந்தாள். அத்தான் சாப்பாடு முடித்து வந்து புங்கைக்கு அடியில் பெஞ்சில் சாய்ந்திருந்தார். முந்தின வாரம்தான் ஒரு பத்திரிகைக்காரனிடம் இந்த மரங்களைப் பற்றி நீளமாகப் பேட்டி கொடுத்திருந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "முள்ளு," என்றார்.

"என்ன அத்தான்?"

"இந்த மரத்துக்குப் பேர் என்ன?"

அவள் அரிவாளைக் கீழே இறக்கி அவரை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். "புங்கை," என்றாள்.

"தெரியும் தெரியும்," என்றார் அத்தான். "உனக்குத் தெரியுதான்னு கேட்டேன்."