தேவபாலனின் கால்விரல்

பீடத்தில் மாதாவும் குழந்தை இயேசுவும் இருக்கும் புதுப் படத்தின் திரையை இழுத்ததும் கோயிலில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பங்குச் சாமியாரின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன கண்றாவி இது! தேவபாலனுக்கு ஒரு முழத்துணிகூடக் கிடைக்கலையா?"

நேற்றுவரை அங்கே இருந்த பழைய படத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பின்னால் தகதகவென்று தங்கத் தகடு. மாதா தூண் மாதிரி விறைத்திருப்பாள். மடியில் கழுத்துவரை போர்த்திய குழந்தைக்குக் குட்டிக் கிழவரின் முகம். யார் சாயலும் யாருக்கும் இருக்காது. பணம் கொடுத்தவர் காலடியில் கட்டைவிரல் உயரத்துக்கு மண்டியிட்டிருப்பார்.

கம்பளி வியாபாரி கெரார்தோவுக்கு அந்த உயரம் போதவில்லை. புளோரன்ஸ் முழுக்க இப்போது புது மாதிரி வரைகிறார்கள், நிழல் விழுகிறது, தொட்டால் சதை அமுங்கும்போல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஓவியர் வான்னியைப் பிடித்துவந்தார். எல்லாவற்றையும் உயிருள்ள ஆட்களைப் பார்த்தே வரையச் சொன்னார். இதோ, புதுப் படத்தில் மாதாவுக்குச் சரிசமமாகத் தொப்பையோடு மண்டியிட்டிருக்கிறார்.

"ஏங்க, உங்க பக்கத்துல மாதா ரொம்ப இளைச்சுட்டாங்களே," என்று மனைவி தெஸ்ஸா காதோடு சொல்லிச் சிரித்தாள். மகன் செத்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. தேவபாலனின் இடது காலில் இரண்டு விரல்கள் ஒட்டியிருந்தன. ஆர்னோ ஆற்றில் கெரார்தோவோடு குளித்த அத்தனை பேருக்கும் தெரிந்த கால் அது.

"கெரார்தோ அண்ணே, சாமி உங்க காலோட பொறந்திருக்காரே!" என்றான் பின்னாலிருந்த சாயக்காரன். கோயிலே சிரித்தது.

தெஸ்ஸா ஓவியர் பக்கம் திரும்பினாள். "வான்னி, இது யார் புள்ள?"

"முகெல்லோ மலையில, பால் கொடுக்கிற மேயாவோட புள்ளம்மா. கண்ணால கண்டதை அப்படியே வரைஞ்சேன்."

மேயா! நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்கிறபடி, பிறந்த சில நாளிலேயே, தலைமுதல் கால்வரை சுற்றிய துணியோடு தெஸ்ஸா தன் மகன் லாப்போவைப் பாலுக்கு அனுப்பியது அவளிடம்தான். மேயாவுக்கும் அதே வயதில் கைக்குழந்தை இருந்தது. பனிக்காலத்தில், காய்ச்சலில் லாப்போ போய்விட்டான், புதைத்தும் விட்டோம் என்று மேயா அனுப்பிய ஆள் வந்து சொன்னான். அதுவரை மாதாமாதம் கூலி கொடுக்க மலையேறியவர் கெரார்தோ.

"கூலி கொடுக்கத்தான் போனீங்களா?"

"சத்தியமா தெஸ்ஸா, நான் ஒண்ணும்..." கெரார்தோ அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பாவி, மாதா மடியிலேயே உன் வண்டவாளம் ஏறிவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிடும் ஆத்திரத்தில் அவள் பீடப்படி ஏறினாள். சாமியார் கத்தியது காதில் விழவில்லை.

பிள்ளை கொஞ்சம் தலை திருப்பியிருந்தது. வலது காதின் மேல்விளிம்பில், கடித்து எடுத்ததுபோல ஒரு சிறு பள்ளம்.

அவள் கை தானாக முக்காட்டுக்குள் போனது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனைத் தவிர யாரும் பார்க்காத காது அது. முக்காட்டை ஊருக்கு முன்னால் உருவிக் கீழே போட்டாள்.

"அம்மா! கோயில்ல முக்காடு!" என்று சாமியார் அலறினார்.

"பாருங்க சாமி, எல்லாரும் நல்லாப் பாருங்க. கால் அவரோடது, காது என்னோடது," என்றாள் தெஸ்ஸா. "செத்தது மேயா புள்ள. ஏங்க, நிக்காதீங்க, கோவேறு கழுதையைக் கொண்டாங்க!"